பேரை மட்டும் மாத்திக்கோ

வெறும் இசைவாணி என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. நெ. இசைவாணி என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டுவிட்டுத் தமிழில் பெயரைத் தொடர்ந்தால் இன்னும் பிடிக்காது. "தலை ஒரு ஊரு, ஒடம்பு ஒரு ஊரா?" என்று கேட்டு, அடித்துத் திருத்திவிட்டுத்தான் உட்காருவாள். கல்லூரி விழா அழைப்பிதழில் ஒருமுறை அப்படி அச்சாகி வந்துவிட்டது. கட்டுக் கட்டாக இருந்த அழைப்பிதழை எல்லாம் பேனாவால் திருத்தினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைத் திட்டிக்கொண்டே, பாதியைத் திருத்திக் கொடுத்தேன். அவளோடு சேர்ந்தால் அதுதான் கதி.

நான் பத்மப்ரியா. செஞ்சி வட்டாரத்தில் வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம், சமணக் குடும்பம், அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். இசை விழுப்புரத்துக்காரி. வீடு ரயில்வே லைனுக்குப் பின்னால். அவள் அப்பா ரயில்வேயில் டிராக்மேன். வெயிலோ மழையோ, தண்டவாளத்தோடு நடப்பதுதான் வேலை. அவள் காலை ரயிலில் திண்டிவனம் வருவாள், நான் செஞ்சி பஸ்ஸில் வருவேன். மேம்பாலத்துக்குக் கீழே சேர்ந்து, ஓமந்தூர் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக்குப் போவோம். எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். வகுப்பில் இருந்த எல்லோரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் கூட்டம்.

நாங்கள் கிழங்கு சாப்பிடுவதில்லை, பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிடுவதில்லை. இது போதாதா அவளுக்கு? லேபில் ஒருநாள் நான் லினக்ஸ் மெஷினின் ரூட் பாஸ்வேர்டு, அதாவது எல்லாவற்றையும் திறக்கும் 'வேர்' பாஸ்வேர்டு, கேட்டபோது, "கெழங்கே துன்னாதவளுக்கு ரூட் எதுக்குடி?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தனியாக நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

இரண்டாம் வருடத்தில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்ய வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'புராஜெக்ட் சென்டர்' என்று போர்டு போட்ட கடைக்குப் போனால் புரோகிராம், ரிப்போர்ட், கேட்கப்போகும் கேள்விகள், அதற்குச் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் தயாராகக் கிடைக்கும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் திருமுருகன் என்பவர் நடத்திய கடைக்கு நானும் இசையும் ஒருமுறை போனோம். நான் விசாரிக்கப் போனேன். அவள் வேடிக்கை பார்க்க வந்தாள்.

"எல்லாம் ரெடியா இருக்குதும்மா. பேரை மட்டும் மாத்திக்கினா போதும்," என்றார் திருமுருகன்.

இசை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல பிரபாவதின்னு ஒருத்தர் பேரு இருக்குதுங்க. அவங்க இன்னா ஆனாங்க?"

"அவங்க போன வருசமே பாஸ் ஆயிட்டாங்கம்மா."

"அப்ப நான் பாஸ் ஆனா அடுத்த வருசம் என் பேரு இங்க கெடக்குமா?"

அவர் ரிப்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். அதன்பிறகு நானும் எதையும் விசாரிக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனது என் தப்பு.

அவளுக்குச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. எதை எடுத்தாள் தெரியுமா? பிராசஸரைப் போலவே இயங்கிக்காட்டும் ஒரு சிமுலேட்டரை. இன்னும் செய்யப்படாத ஒரு பிராசஸரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து, ஓடவிட்டு, எங்கே வேகம் குறைகிறது என்று பார்க்கலாம். வீடு கட்டுமுன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அறை போதுமா என்று நடந்து பார்ப்பதுபோல. பிராசஸருக்குள் கேஷ் என்று ஒரு சின்ன நினைவகம் இருக்கும். அதை எப்படிப் பிரித்து வைத்தால் மலிவான சிப்பையும் வேகமாக ஓட்டலாம் என்பதுதான் அவள் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்வது இருக்கிறதே, அதற்குப் பதில் பிராசஸரையே கையால் செய்துவிடலாம்.

எங்கள் கைடு கோதண்டபாணி சார். கெட்டவர் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தராகப் பார்த்துப் பார்த்து, புதிதாக எதைச் சொன்னாலும் பயப்படுகிறவர்.

"இதை நம்ம லேப்ல இதுவரைக்கும் எவனும் ஓட்டினதில்லம்மா. பெரிய எடத்துல, பெரிய மெஷின் வெச்சி ஓட்டுவாங்க. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஓடுதான்னு பாத்துடறேன் சார்."

"பாரு. ஆனா ரெண்டாவது ரிவ்யூவுக்குள்ள ஓடணும். ஓடலன்னா நான் சொன்னேன்னு சொல்லாத, சென்டர்ல ஒண்ணு வாங்கிக்கினு வந்துடு. அதுவும் மாட்டேன்னா ஒரு வருசம் போச்சி."

ஆக, கணக்கு இதுதான்: ரிவ்யூ அன்று சிமுலேட்டர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பிரபாவதி புராஜெக்டின் மேல் அவள் பெயர் ஏற வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் வீண்.

லேபில் ஜன்னலோரம் ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். லாகின் எல்லோருக்கும் பொது, எந்த மெஷினில் நுழைந்தாலும் அதே ஃபோல்டர்கள்தான் தெரியும். உள்ளே போய் அவரவர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குள்தான் எல்லா வேலையும். என் ஃபோல்டர் ஆங்கிலத்தில் padma. அவளுடையது நெ.இசைவாணி. இதைப் பார்த்து அன்று யாரும் எதுவும் நினைக்கவில்லை. அவள் வேறு எப்படி எழுதுவாள்?

முதலில் சிமுலேட்டர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்த லைப்ரரி இல்லை, அந்தப் பதிப்பு பழசு, இது இருக்கிறது ஆனால் இது போதாது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று. இசை சளைக்கவில்லை. கேட்டதையெல்லாம் கொண்டுவந்து போட்டாள். கடைசியில் பில்டு ஆக ஆரம்பித்தது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் ஒரே ஒரு வார்த்தை: 'கில்டு'.

"யாருடி கொன்னது?" என்றாள்.

கொன்றது அந்த மெஷினேதான். ஒரே நேரத்தில் பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னோம். மெமரி போதவில்லை. தன் மூச்சு நிற்காமல் இருக்க அது எங்கள் வேலையைக் கொன்றுவிட்டது. "ஒண்ணு ஒண்ணா கட்டு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று மெஷினிடமே சொல்லி, ஒவ்வொரு துண்டாகக் கட்டும்படி மாற்றினாள். காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் காலேஜ் பஸ் ஹாரன் அடிக்கும் வரை ஓடியது. இடையில் யாராவது அணைத்துவிடக் கூடாதே என்று மானிட்டரில் ஒரு தாள் ஒட்டினாள். "ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதைத் தொடாவிட்டால் நான் உங்களைத் தொடமாட்டேன். இப்படிக்கு, நெ. இசைவாணி." ஜூனியர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

பில்டு முடிந்துவிட்டது. கொண்டாடினோம். மறுநாள் ஓட்டினால் ஓடவில்லை. 'கன்ஃபிகரேஷன் ஃபைலைப் படிக்க முடியவில்லை' என்றது. அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.

எந்தப் பிராசஸர், எத்தனை கேஷ், எவ்வளவு மெமரி என்றெல்லாம் எழுதிக்கொடுக்கும் ஃபைல் அது. அதில்தான் தப்பு என்று நினைத்து இசை அதைத் திருப்பித் திருப்பி எழுதினாள். கேஷைக் குறைத்தாள், மெமரியைக் கூட்டினாள், கூடவே வந்த மாதிரி ஃபைலை அப்படியே போட்டுப் பார்த்தாள். அதே பதில். ரிவ்யூ அடுத்த திங்கட்கிழமை. அந்த வாரம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததையே நான் பார்க்கவில்லை. கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல, திருமுருகனிடமிருந்து என் போனுக்கு மெசேஜ் வந்தது: "புராஜெக்ட் முடிஞ்சுதாம்மா? இன்னும் டைம் இருக்கு." நம்பரை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் பதிலாக எழுதியதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ஃபோல்டரில் இருந்ததை அப்படியே என் ஃபோல்டருக்குள் காப்பி செய்து ஓட்டினேன். ஓடியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி அவள் ஃபோல்டரில் ஓட்டினோம். ஓடவில்லை. என்னுடையதில் ஓடியது.

"என் கைராசிடி," என்றேன்.

"ராசியாவது மண்ணாவது. அதே மெஷின், அதே ஃபைலு. உன்னுதுல இருக்கிறது என்னுதுல இன்னா இல்ல?"

நடப்பதையெல்லாம் விவரமாகச் சொல் என்று சிமுலேட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்து மறுபடி ஓட்டினாள். அப்போதுதான் அது உள்ளதைச் சொன்னது. e0 என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, பத்தாவது இடத்தில், என்றது. ஃபைல் இருக்கும் பாதையைத் தொடக்கத்திலிருந்து எண்ணினோம். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நாங்களும் அப்படியே எண்ணினோம். சாய்கோடு, home, சாய்கோடு, lab, சாய்கோடு. பத்தாவது இடத்தில் இருந்தது 'நெ'.

கம்ப்யூட்டர் எழுத்தையெல்லாம் பைட் என்ற எண் துண்டுகளாகத்தான் வைத்துக்கொள்ளும்; தமிழ் எழுத்து எதை எடுத்தாலும் முதல் துண்டு e0 தான். ஆங்கில எழுத்தில் அது கிடையாது. அந்தச் சிமுலேட்டரை எழுதியவர்கள் உலகத்தில் எல்லோரும் தம் ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில்தான் பெயர் வைப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஒருத்தி அப்பா இனிஷியலோடு தமிழில் வைப்பாள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கோதண்டபாணி சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். அவர் வந்து பார்த்துவிட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "அவ்ளோதானா! நல்லாதாம்மா கண்டுபுடிச்ச. ஒரு நிமிஷ வேலை. பேரை மட்டும் மாத்திக்கோ. இங்கிலீஷ்ல போட்டுடு, முடிஞ்சிது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கீபோர்டில் கைகூட வைத்துவிட்டேன். இசை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல எங்கப்பா ஒருவாட்டி பேரை மாத்திட்டாரு சார். இனிமே யாரும் மாத்தறதா இல்ல."

சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அந்தக் கதை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போயிருந்தேன். பிறகு அது தெரிந்து எங்கள் பெரியம்மா, "அங்கெல்லாமா சாப்புட்ட?" என்று முகத்தைச் சுளித்தார். "கத்திரிக்காய் எல்லா ஊட்டிலயும் கத்திரிக்காய்தான் பெரியம்மா," என்றேன். அன்று அவர்கள் வீட்டில் இசையின் அப்பாதான் பரிமாறிக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார்.

அவர்கள் பூர்வீகம் மண்டகப்பட்டு பக்கம். அவருடைய அப்பா சின்னப்பன் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பிறந்த மகனுக்கு ஆசையாக ராஜா என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளன்று நிலத்துக்காரர் கூடவே வந்திருக்கிறார். "ராஜாவா? இவன் ராஜான்னா நாங்க இன்னா கூஜாவா?" என்று கேட்டுவிட்டு, வாத்தியாரிடம் "குப்பன்னு எழுதிக்க" என்றாராம். வாத்தியார் எழுதிக்கொண்டார். "இப்போதைக்கு இருக்கட்டும் சின்னப்பா, அப்பறமா பாத்துக்கலாம்," என்று ஆறுதலும் சொன்னாராம். அந்த 'அப்பறம்' வரவேயில்லை.

"பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் தெனம் சி. குப்பன்னு கூப்புடுவாங்க. நானும் எழுந்து நின்னு 'உள்ளேன் ஐயா'ம்பேன். உள்ள இருந்தது நான் இல்லம்மா," என்றார். சொல்லும்போது என் இலையில் கூட்டை வைத்துக்கொண்டே இருந்தார். நான் போதும் என்று சொல்லவில்லை.

பதினெட்டு வயது ஆனதும் முதல் வேலையாக அரசிதழில் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார். ராஜா என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "அவன் வேணாம்னு சொன்ன பேரை எதுக்கு நான் கெஞ்சி வாங்கணும்? பாண்டிய ராஜா பேரையே வெச்சிக்கினேன். நெடுஞ்செழியன். கூப்புடறவனுக்கு வாய் வலிக்கட்டும்!" என்று சிரித்தார். அந்த நெடுஞ்செழியன்தான் 'நெ'.

இதையெல்லாம் சாரிடம் இசை சொல்லவில்லை. சொல்லி இரக்கம் வாங்குகிற ஆள் இல்லை அவள். "சிமுலேட்டர்ல தப்பு இருக்குது சார். அதைத் திருத்தறேன். என் பேர்ல தப்பு இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

"அதை எழுதினவன்லாம் எந்த ஊர்லயோ ஒக்காந்துக்கினு இருக்கறான். நீ அதைத் திருத்தப் போறியா? ஞாயித்துக்கிழமை லேப் கெடையாது. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது. திங்கக்கிழமை ஓடலன்னா மார்க் கெடையாது. உன் இஷ்டம்." சாருக்குக் கோபம். கோபத்தைவிடக் கவலை அதிகம். அது முகத்தில் தெரிந்தது.

அவர் போனபின் என் பங்குக்கு நானும் கத்தினேன். "ரிவ்யூக்கு மட்டும் மாத்திட்டு, முடிஞ்சதும் திருப்பி வெச்சிக்கோடி! ஒரு ஃபோல்டருக்காக ஒரு வருசத்தைத் தூக்கிப் போடுவியா?"

"எங்கப்பாவுக்கும் இப்டித்தான் சொன்னாங்க. இப்போதைக்கு இருக்கட்டும், அப்பறமா பாத்துக்கலாம்னு."

வீம்பு பிடித்தவள். எனக்கு அவள்மேல் அவ்வளவு எரிச்சல், அதே அளவு பெருமை. சனிக்கிழமை லேப் திறக்கும்போது அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன்.

சிமுலேட்டரின் உள்ளே புகுந்து, பாதையைப் படிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தோம். ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்றுக்கொள் என்று ஒரு வரி இருந்தது. எல்லா மொழியும் வரலாம் என்று மாற்றினாள். ஓட்டினால் வேறு இடத்தில் அதே e0. அங்கே மாற்றினால் இன்னொரு இடம். ஒரே ஆள் எழுதியதைப் பத்துப் பேர் காப்பி அடித்த பரீட்சைத் தாள் மாதிரி, ஒரே தப்பு ஊரெல்லாம் பரவியிருந்தது. நான் தேடிக் கொடுக்க, அவள் திருத்திக்கொண்டே போனாள். மதியம் போனது. வெயில் இறங்கியது. நான் பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும்; வராந்தாவில் நின்று டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் போட்டிருப்பேன். உள்ளே நாற்காலி விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இசை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். திரையில் சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நெ.இசைவாணி ஃபோல்டருக்குள்ளேயே.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "கையெல்லாம் தயிர்சாதம்டி, தள்ளு," என்றாள்.

ரிவ்யூவுக்கு வேண்டிய பெரிய ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, தாளை மறுபடி ஒட்டிவிட்டு, வாட்ச்மேனிடம் மெயினை அணைக்காதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை. கோதண்டபாணி சாரும் வேறு இரண்டு பேராசிரியர்களும் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். ஓட்டம் வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் இருந்தது. இசை நிமிர்ந்து உட்கார்ந்து, ரிசல்ட் இருக்க வேண்டிய ஃபோல்டரைத் திறந்தாள். காலி.

மறுபடி திறந்தாள். காலி.

"எங்கம்மா ரிசல்ட்டு?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

இசையின் காது சிவந்தது. கோதண்டபாணி சார் கையிலிருந்த மார்க் தாளைப் பார்க்க ஆரம்பித்தார். "அன்னிக்கே சொன்னேன், பேரை மாத்திக்கோன்னு," என்று முனகினார். எனக்கு அவர் வாயை மூட வேண்டும்போல இருந்தது. ஒன்றும் செய்ய முடியாமல், பின்னால் இருந்த மெஷினில் லேப் ஃபோல்டர்களின் வரிசையைத் திறந்து வெறுமனே பார்த்தேன். எல்லோருடைய பெயரும் இருந்தது. கடைசியில் அவள் ஃபோல்டர். அதற்கு மேலே யாரும் வைக்காத ஒரு புது ஃபோல்டர். பெயர், 'நெ'.

"இசை, இது யாருதுடி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை அந்த லேப் அதற்கு முன் கேட்டிருக்காது.

சிமுலேட்டர் ரிசல்ட்டை வைக்க, ஃபோல்டர் பெயரையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் பெயரில் புள்ளி வந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது .txt, .doc போல ஃபைலின் வால் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. நெ.இசைவாணியில் இசைவாணியை வெட்டிப் போட்டுவிட்டது. மிஞ்சியது அப்பா மட்டும். ரிசல்ட் முழுவதும், ஒரு எண் குறையாமல், 'நெ'வுக்குள் பத்திரமாக இருந்தது.

அவள் அதைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். கேஷை இப்படிப் பிரித்தால் இவ்வளவு வேகம், அப்படிப் பிரித்தால் இவ்வளவு என்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். திருமுருகன் கடையில் விற்கும் பதில் ஒன்றுகூட அதில் இல்லை. வந்தவர்கள் தலையாட்டினார்கள். மார்க் விழுந்தது.

கிளம்பும்போது கோதண்டபாணி சார் நல்ல மனதோடுதான் சொன்னார்: "சூப்பர்மா. இப்ப அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துடு, பிரச்சினை தீர்ந்துது."

"புள்ளிக்கு முன்னாடி இருக்கறது எங்கப்பா சார், பின்னாடி இருக்கறது நானு. ஒட்ட வெச்சா யாரு யாருன்னு தெரியாது. அதையும் சிமுலேட்டர்லயே திருத்திடறேன்."

சார் கையெடுத்துக் கும்பிட்டார். இன்றும் ஜூனியர்களிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது "அந்தப் பிடிவாதக்காரி" என்றுதான் சொல்கிறார். எந்தத் தொனியில் சொல்கிறார் என்பது நாளுக்கு நாள் மாறும்.

சொன்னபடி திருத்தினாள். அதோடு விடவில்லை. அந்தச் சிமுலேட்டரைப் பராமரிப்பவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் தப்பைத் திருத்தி அனுப்பலாம். அனுப்பினாள். முதலில் ஒருவர், 'ஃபோல்டர் பெயரை மாற்றிக்கொண்டால் போதுமே' என்று பதில் எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் எனக்குப் போன் செய்தாள். "அந்த ஊர்லயும் ஒரு கோதண்டபாணி இருக்கறாருடி!" பிறகு பொறுமையாக, மரியாதையாக, ஒரு அங்குலம்கூட இறங்காமல் பதில் எழுதினாள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை: இனி இந்தத் தப்பு திரும்ப வராமலிருக்க ஒரு சோதனையும் எழுதித் தர வேண்டும். ஆங்கிலம் அல்லாத எழுத்தில், நடுவில் புள்ளியோடு, ஏதாவது ஒரு பெயரில் ஃபோல்டர் வைத்து அதில் சிமுலேட்டரை ஓட்டிப் பார்க்கும் சோதனை. பெயர் எதுவாக இருந்தாலும் சரி, நீங்களே வையுங்கள் என்றார்கள்.

தன் பெயரைத்தான் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

இப்போது அவள் சென்னையில் ஒரு சிப் கம்பெனியில் இருக்கிறாள். சேர்ந்த முதல் வாரமே அடையாள அட்டையில் பெயர் அச்சிட்டவர்களோடு சண்டை போட்டாளாம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அவளுடைய சோதனை சேர்க்கப்பட்ட புதுப் பதிப்பு வெளியான வாரம், ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். அவள் அப்பா டியூட்டி முடிந்து, ஆரஞ்சுச் சட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்தார். இசை லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள். வரிசையாக ஆங்கிலத்தில் சோதனைகளின் பெயர்கள். நடுவில் ஒரே ஒரு வரி தமிழில்.

சி.ராஜா.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது எங்க இருக்குது?"

"எல்லா ஊர்லயும்பா. இந்த சாஃப்ட்வேர் புதுசா எப்ப வந்தாலும், மொதல்ல இந்தப் பேர்ல இருக்கற ஃபோல்டருக்குள்ள ஓடிக் காட்டணும். அப்பறம்தான் வெளிய விடுவாங்க."

"இந்தப் பேரு வேணாம்னு அது சொல்லிட்டா?"

"சொன்னா அதை வெளிய வுடமாட்டாங்கப்பா. இந்தப் பேரை ஒத்துக்கினாத்தான் அது வாசலைத் தாண்டும்."

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வாத்தியார் வருகைப் பதிவைப் படிப்பதுபோல, தெருவுக்கே கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டார்.

"சி. ராஜா!"

கூப்பிட்டுவிட்டு அவரே எழுந்து நின்றார். ஆரஞ்சுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உள்ளேன் ஐயா."